ஏற்றவள் தாயில்லையா?

பாலாறு என்று பெயர். ஆண்டிலே பெரும்பகுதி, அதிலே பாலும் ஓடாது, நீரும் ஓடாது. அந்த வறண்ட ஆற்றை ஒட்டிய வட்டாரத்திலேதான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கே பதனிடும் தோல் கப்பலேறுகிறது. இங்கே தைக்கும் காலணி சீமையிலே சீமான்களின் காலிலே மின்னுகிறது. தைத்தவளின் காலிலே ரப்பர் செருப்பு!

சென்ற மாதம் ஆம்பூர் சென்றிருந்தோம். ஷூ கம்பெனிப் பேருந்துகள் பெண்களைத் தெருமுனையிலே இறக்கிவிட்டுப் போகும் மாலை நேரம். படிப்பகத்திலே தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். வாசலிலே ஓர் இணையர் வந்து தயங்கி நின்றனர். கணவருக்குத் தோல் ஷாப்பிலே வேலை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையைவிட்டு வாடை போகாத வேலை. மனைவிக்கு ஷூ கம்பெனியிலே தையல் மெஷின். அவருக்கு வயது 38. அந்த அம்மைக்கு 33. மணமாகிப் பதினோர் ஆண்டுகள். வீட்டிலே மழலை இல்லை.

"அண்ணா, ஒரு யோசனை கேட்கணும்" என்றார் கணவர். "ஒரு ஆள் வந்து பேசிட்டுப் போனான். பிறந்து பத்து நாள் ஆன பெண் குழந்தை இருக்காம். ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்துடுவாங்களாம். சீட்டு எடுத்தா பணம் வந்துடும். வாங்கலாமா?"

வாங்கலாமா என்று கேட்டார், தோழர்களே! சந்தையிலே கத்தரிக்காய் வாங்கலாமா என்று கேட்பதுபோல, சிசுவை வாங்கலாமா என்று கேட்டார். நமக்குச் சினம் வந்தது. அந்த இருவர்மீதும் வரவில்லை. பிள்ளைக்காக ஏங்கும் ஏழையைத் தரகனின் வாசலுக்குத் துரத்திய ஏற்பாடு எது, அதன்மீது வந்தது. அந்த அம்மை தலை குனிந்து நின்றாள். "மலடி" என்ற ஒரு சொல்லைப் பதினோர் ஆண்டு சுமந்த தலை அது.

பழைய பாடம்

பிள்ளை இல்லாதவன் ‘புத்’ என்ற நரகத்திலே விழுவான், அவனைக் கரையேற்றப் புத்திரன் வேண்டும் என்று எழுதிவைத்தார்கள் ஏடு எழுதியவர்கள். அதனால்தான் பழைய இந்துச் சட்டத்திலே தத்து என்றால் ஆண் பிள்ளைதான். கொள்ளி வைக்க ஒரு கை வேண்டும்; அதற்காக ஒரு குழந்தை! பெண் குழந்தைக்கு அந்தச் சட்டத்திலே இடமே கிடையாது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகுதான் பெண் மகவையும் தத்தெடுக்கலாம் என்றாயிற்று. மணமான பெண், கணவனின் இசைவோடு தன் பெயரிலே தத்தெடுக்கலாம் என்ற உரிமைக்கோ 2010ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமிழன் ஏடு வேறு பாடம் சொல்லுகிறது. பாரி மாய்ந்தான், பறம்பு வீழ்ந்தது, அவன் பெண்கள் இருவரும் ஆதரவற்று நின்றனர். அவர்களைத் தன் பொறுப்பென ஏற்று நடந்தாரே கபிலர், அவர் எந்த நரகத்துக்கு அஞ்சி ஏற்றார்? மணிமேகலையிலே வரும் ஆபுத்திரன் கதை என்ன? பெற்றவள் தோட்டத்திலே விட்டுப் போனாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டியது. பிறகு இளம்பூதி என்பவன் எடுத்து வளர்த்தான். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை அவன் அவிழ்த்துவிட்டபோது, "உன் பிறப்பு என்ன தெரியுமா?" என்று ஊரே திரண்டு விரட்டியது. விரட்டப்பட்ட அந்தக் கையிலேதான் பின்னாளில் அமுதசுரபி வந்து அமர்ந்தது! பிறப்பைக் கேட்டவர்களின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? பசி தீர்த்தவனின் பெயரைத் தமிழ் மறக்கவில்லை.

1966ஆம் ஆண்டு ‘பெற்றால்தான் பிள்ளையா’ என்று ஒரு படம் வந்தது. யாரோ பெற்ற பிள்ளையை வளர்க்கும் ஏழையாக எம்.ஜி.ஆர். நடித்தார். தரை டிக்கெட்டிலே அமர்ந்து கண்ணீர் விட்டவர்கள் நம் தோழர்கள்தாம். திரையிலே கண்ட அந்த ஏழை, இன்று தெருவிலே நம் எதிரே வந்து நிற்கிறார். கண்ணீர் மட்டும் போதுமா அவருக்கு?

தரகன் விரிக்கும் வலை

2019ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவு வெளிவந்தது. நாடே அதிர்ந்தது. பெண் சிசுவுக்கு ஒரு விலை, ஆண் சிசுவுக்கு அதற்கு மேல் ஒரு விலை, சிவப்பாக இருந்தால் அதற்கும் மேல் என்று மாட்டுச் சந்தையிலே பேசுவதுபோலப் பேரம் பேசியது அந்தக் குரல். வழக்குப் பதிவாயிற்று; கைதுகள் நடந்தன. ஆனால் தரகன் ஒழிந்தானா? ஏக்கம் உள்ள இடத்திலும், வழி தெரியாத இடத்திலும் அவன் முளைத்துக்கொண்டே இருக்கிறான்.

ஆம்பூர் இணையரிடம் சொன்னோம்: "2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தையை விலைக்கு வாங்கினாலும் விற்றாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஓர் இலட்சம் ரூபாய் அபராதம். பணமே கைமாறாவிட்டாலும், ஆதரவற்ற குழந்தையை முறை தவறித் தத்து கொடுத்தாலும் எடுத்தாலும் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடக் கொடிய தண்டனை ஒன்று உண்டு. நான்காண்டு ‘அம்மா’ என்று அழைத்த பிள்ளையை, ஒருநாள் காவலர் வந்து உன் இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு போவார்கள். தாங்குவாயா, தங்கையே?"

அந்த அம்மை முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நேரான வழி எது, அண்ணா?"

நேரான வழி

நேரான வழி இருக்கிறது. அதை நம் தொழிலாளிக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் மாவட்டத் தலைநகர் திருப்பத்தூர், மேல்விஷாரத்துக்கு இராணிப்பேட்டை, பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் வேலூர். அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலே வழி கேட்கலாம். மத்திய தத்துவள ஆணையத்தின் இணையப் பதிவேட்டிலே பெயர் பதிய வேண்டும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். மாளிகை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ல. குழந்தைக்கு இடமும் மனமும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. சட்டம் இவ்வளவு சம்பளம் என்று ஒரு தொகையைக் கோடு கிழித்து வைக்கவில்லை. குழந்தையைப் பேணும் வசதி வேண்டும் என்றே சொல்லுகிறது. சம்பளச் சீட்டு இல்லாதவர் வருமானச் சான்றிதழ் காட்டலாம். வீட்டுத் திண்ணையிலே ஜோடிக்குச் சில ரூபாய் கூலிக்கு ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார்களே நம் பெண்கள், அவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

இணையருக்கு மணமாகி இரண்டு ஆண்டேனும் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்கு மேல் போகக்கூடாது. நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தை என்றால் 100 வரை போகலாம். குழந்தைக்கும் பெற்றோருக்கும் 25 ஆண்டேனும் இடைவெளி வேண்டும். தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். தனித்து வாழும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

முன்பு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரிலே நடைமுறைக்கு வந்த பிறகு, மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை பிறப்பிக்கிறார்.

சட்டப்படி எடுத்தால் என்ன பயன் என்று கேட்டார் கணவர். சொன்னோம். ஈ.எஸ்.ஐ. சட்டத்திலே ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் தத்தெடுத்த பிள்ளையும் அடக்கம். நாளை உமக்கு ஏதேனும் நேர்ந்தால், 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் 25 வயது வரை பிள்ளை ஓய்வூதியம் உண்டு. தரகனின் ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் எந்த அலுவலகத்திலே இதெல்லாம் கிடைக்கும்?

பாய் கேட்ட கேள்வி

அருகிலே அமர்ந்திருந்த பாய் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் உங்களுக்குத்தானே, எங்களுக்கு ஏது?" ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் இது முக்கியமான கேள்வி.

உண்மைதான். 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டும். இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருக்கும் நெடுங்காலம் இருந்தது 1890ஆம் ஆண்டு வெள்ளையர் காலத்துக் காப்பாளர் சட்டம் ஒன்றுதான். அதன்படி வளர்க்கலாம், ஆனால் பெற்றோர் ஆக முடியாது. காப்பாளர் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். இளைஞர் நீதிச் சட்டம் மதம் பார்க்காத கதவைத் திறந்தது. 2014 பிப்ரவரி 19 அன்று, தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, ஷப்னம் ஹாஷ்மி வழக்கிலே தெளிவாகச் சொன்னது: எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தன் சமய நெறிப்படி நடக்க விரும்புவோர் அப்படியே நடக்கலாம். விரும்புவோருக்குக் கதவு திறந்திருக்கிறது.

"இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே" என்றார் பாய். அந்தச் சொல் நம்மைத்தான் சுட்டது. மேடை போட்டு எத்தனையோ பேசினோம், இதைப் பேசினோமா?

கதவு திறந்திருக்கிறது, கட்டணம்?

இனி நம் வழக்கை வைக்கிறோம், தோழர்களே!

2017ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிமுறைகளைப் பாருங்கள். வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத 6,000 ரூபாய். குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 40,000 ரூபாய். தத்தெடுத்தபின் இரண்டு ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய். கூட்டினால் 54,000. 2022இலே புதிய விதிமுறைகள் வந்தன, கட்டணம் ஒழியவில்லை. மாளிகைவாசிக்கு இது ஒரு மாலை விருந்தின் செலவு. மெஷினிலே குனிந்து தைக்கும் பெண்ணுக்கு இது பல மாதச் சம்பளம். குழந்தை இல்லத்தைப் பேணப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அந்தப் பணத்தை ஏழைத் தாயின் சீட்டுப் பணத்திலிருந்தா எடுக்க வேண்டும்?

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். மிஷன் வத்சல்யா திட்டத்திலே, ஆதரவற்ற குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பு முறையிலே வைத்துக் காக்கும் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் என்று 2022இலே வகுத்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். 2025 செப்டம்பர் 15 அன்று தமிழகத்திலே ‘அன்புக் கரங்கள்’ திட்டம் தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் காக்க இயலாத குழந்தைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். அதையும் வாழ்த்துகிறோம். ஆனால் ஓர் ஏழைக் குடும்பம், "இனி இது என் பிள்ளை, என் பெயரும் இதற்கே, என் குடிசையும் இதற்கே" என்று சட்டப்படி எழுதிக் கொடுத்தால்? தற்காலிகமாகக் காப்பவருக்குத் தொகை. தன் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டவருக்குக் கட்டண ரசீது! இது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்கா முதலாளிகளின் நாடு என்கிறோம். அங்கேயே 1980ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்து, உடற்குறையோ வேறு சிறப்புத் தேவையோ உள்ள குழந்தையைத் தத்தெடுக்கும் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கினார்கள். குழந்தை விடுதியிலே வளர்வதைவிட வீட்டிலே வளர்வது மேல் என்று கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு நமக்குத் தெரியாதா?

தொண்ணூறு நாள் கணக்கு

அடுத்து விடுப்பு. 2017இலே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்ற தாய்க்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம். மகிழ்ந்தோம். தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம். அதுவும் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால்தான் என்று எழுதினார்கள். ஈ.எஸ்.ஐ. விதியும் அவ்வாறே எழுதப்பட்டது.

கணக்குப் போடுவோம். கைவிடப்பட்ட சிசு கிடைத்தால், பெற்றவர் வருகிறாரா என்று தேடி, தத்து கொடுக்கத் தகுதியானது என்று அறிவிக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு இரண்டு மாதம். பெற்றவளே மனம் நொந்து ஒப்படைத்தால், அவள் மறுபடி எண்ணிப் பார்க்க 60 நாள். அது தேவை, வறுமையிலே பிள்ளையைக் கொடுத்தவள் மனம் மாறி வந்தால், கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 60 நாளும் போனபின், பதிவேடு, பொருத்தம், மருத்துவச் சோதனை, பயணம் எல்லாம் முடிந்து குழந்தை தாயின் மடிக்கு வரும்போது மூன்று மாதம் எங்கே நிற்கும்? ஒரு சட்டம் "பொறு" என்றது; இன்னொரு சட்டம் "தாமதித்தாய், விடுப்பு இல்லை" என்றது! இந்த வரம்பை எதிர்த்து 2021இலே ஒரு வளர்ப்புத் தாய் உச்சநீதிமன்றம் போனார். போகவேண்டிய நிலையிலே வைத்தது யார்?

மத்திய அரசு அலுவலகத்திலே பணிபுரியும் பெண்ணுக்கு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தால் 180 நாள் விடுப்பு என்று விதி செய்தார்கள். நாற்காலியிலே அமர்ந்தவளுக்கு ஒரு விதி. மெஷினிலே குனிந்தவளுக்கு வேறு விதி. பிரிட்டனிலே தத்தெடுத்த தொழிலாளிக்கு 52 வாரம் வரை விடுப்பு, அதிலே 39 வாரம் வரை தொகையும் உண்டு. அங்கே தைத்த காலணியையா நாம் அணிகிறோம்? இல்லை, ஆம்பூரிலே தைத்த காலணியை அவர்கள் அணிகிறார்கள்!

அந்த அம்மை அப்போது ஒன்று சொன்னாள். அதை மறக்க முடியவில்லை. "பத்து நாள் குழந்தைதான் வேணும்னு இல்லை, அண்ணா. அஞ்சு வயசுப் பிள்ளையும் அம்மான்னுதானே கூப்பிடும்?"

என்ன பெரிய உள்ளம்! நாட்டிலே 2024–25ஆம் ஆண்டிலே சட்டப்படி தத்து போன குழந்தைகள் 4,515. காத்திருக்கும் பெற்றோரோ 30,000க்கு மேல். காத்திருப்பு மூன்றாண்டையும் தாண்டுகிறது. கைக்குழந்தை கேட்டு நிற்கும் வரிசை நீளம். ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் விடுதிச் சன்னலைப் பிடித்து நிற்கும் பிள்ளையைக் கேட்போர் மிகக் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாயாக வந்தவளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விடுப்பு எத்தனை நாள்? ஒரு நாளும் இல்லை! புது வீடு, புது முகம், இரவிலே திடுக்கிட்டு எழும் ஐந்து வயதுப் பிள்ளை. அதை அணைத்துக்கொள்ள வேண்டிய தாய் காலை ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்திலே.

படிப்பகம் என்ன செய்ய வேண்டும்?

பணம் மட்டும் போதாது, பாடமும் வேண்டும். "நீ என் வயிற்றிலே பிறக்கவில்லை; என் விருப்பத்திலே வந்தாய்" என்று பிள்ளைக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? ஊர் சொல்லிக் காயப்படுவதற்கு முன், வீடு சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே, கதை சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். விடுதியிலே பழகிய பிள்ளை தட்டிலே சோற்றை மறைத்துவைத்தால் அது திருட்டா, பயமா? பள்ளியிலே பெயர் எழுதும்போது என்ன சான்று காட்டுவது? தத்துக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வழங்க வேண்டியது தத்துவள மையத்தின் கடமை என்று விதி சொல்லுகிறது. அந்த ஆலோசனையைக் கேட்டுப் பெறும் துணிவைத் தொழிலாளிக்குத் தருவது நம் கடமை.

நம் படிப்பகங்கள் எழுத்தறியாதவனுக்கு ஏடு படித்துக் காட்டி வளர்ந்தவை. ஒவ்வொரு படிப்பகச் சுவரிலும் தத்தெடுக்கும் வழி பெரிய எழுத்திலே தொங்கட்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அதிலே இருக்கட்டும். இணையப் பதிவுக்கு ஒரு படித்த தம்பி ஞாயிறுதோறும் உட்காரட்டும். திருப்பத்தூருக்கோ வேலூருக்கோ முதல்முறை போகும் இணையரோடு ஒரு தோழர் துணைக்குப் போகட்டும்.

ஆட்சிப் பொறுப்பிலே இருப்போரிடம் நாம் கேட்பது நான்கு. தொழிலாளர் குடும்பம் தத்தெடுத்தால் கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கட்டும். காக்கும் குடும்பத்துக்குத் தரும் மாதத் தொகையை, ஏற்ற ஏழைக் குடும்பத்துக்கும் தரட்டும். பெற்ற தாய்க்கு 26 வாரம் என்றால், ஏற்ற தாய்க்கும் 26 வாரம். குழந்தையின் வயதை அளக்க வேண்டாம். எளிய தமிழிலே கையேடு ஒவ்வொரு ஷூ கம்பெனி வாயிலுக்கும், ஒவ்வொரு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் வரட்டும்.

அந்த இணையர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். தரகனைத் திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் அரைநாள் கூலியை விட்டுத் திருப்பத்தூர் சென்று வந்தார்கள். பெயர் பதிந்தாயிற்று, நான்கு முதல் எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ எதுவாயினும் சரி என்று பதிந்திருக்கிறார்கள். தரகனுக்காக எடுக்க இருந்த சீட்டு, இப்போது கட்டணத்துக்காக நிற்கிறது. நடுவிலே, அந்த அம்மை ஷிப்டு முடிந்ததும் படிப்பகத்துக்கு வருகிறாளாம். பாட்டி கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். ஏன் என்று நம் தோழர் கேட்டாராம்.

"வர்ற பிள்ளை அஞ்சு வயசா இருக்கும். ராத்திரிக்குக் கதை கேட்கும் இல்ல?" என்றாளாம்.

அவள் பாடம் படிக்கத் தொடங்கிவிட்டாள். ஆள்வோர் எப்போது தொடங்குவர்?